இப்போது சுழல்பவை: தாளம் போட்டுக் கேட்க எட்டு ஜாஸ் அல்பங்கள்

ஜாஸ் கேட்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "இப்ப என்ன போகுது?" என்பதுதான். என்னுடைய பதில் இந்தப் பதிவு. எட்டு அல்பங்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் காதை வைப்பது, எந்தப் பதிப்பை எடுப்பது, எங்கே தவறிப்போகும் என்பதைச் சொல்கிறேன்.

கொழும்பில் தமிழ் வீடுகளில் மிருதங்கமோ வயலினோ வாய்ப்பாட்டோ படித்த ஒருவராவது இருப்பார். அந்தப் படிப்பு ஜாஸுக்கு அப்படியே உதவும். ஆதி தாளம் பிழையில்லாமல் போடத் தெரிந்தவர், பல வருடம் ஜாஸ் கேட்டும் எண்ணத் தெரியாதவரைவிட விரைவில் உள்ளே போய்விடுவார். அதனால் கீழே உள்ள எல்லாவற்றையும் கையில் தாளத்தோடும் காதில் சுருதியோடும் கேளுங்கள்.

முதலில் ஒரு நிபந்தனை: கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். ஆளுயரத் தந்தி வாத்தியமான டபிள் பேஸின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பகுதி அறவே வராது. பேஸ் கேட்காவிட்டால் ஜாஸில் தாளமும் போச்சு, சுருதியும் போச்சு. வயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் போதும். செயலியில் ஷஃபிளை நிறுத்துங்கள்; ஒரு பாட்டை அடுத்ததோடு கலக்கும் குரொஸ்ஃபேடையும் நிறுத்துங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்க வேண்டும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' எப்போதும் சுற்றில் இருக்கும். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயோர்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. ட்ரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸபோன் ஜோன் கொல்ட்ரேன், அல்ட்டோ சாக்ஸபோன் கனன்போல் அடர்லி, பியானோ பில் எவன்ஸ், பேஸ் போல் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஜிம்மி கொப். 'ஃபிரெடி ஃபிரீலோடர்' ஒன்றில் மட்டும் பியானோவில் வின்டன் கெலி இருக்கிறார்.

முதல் பாட்டு 'ஸோ வொட்'. அது நிற்கும் ஸ்வர வரிசை நமக்குக் கரகரப்பிரியா: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கமகம் இல்லை, ராகத்தின் பிடிகள் இல்லை, வெறும் ஸ்வரங்கள்தான். ஆதார ஷட்ஜம் 2 கட்டை, அதாவது பியானோவின் D. முன்னுரைபோல அரை நிமிடம் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் பேசிக்கொள்ளும். பிறகு பேஸ்தான் பல்லவியைச் சொல்லும். மற்றக் கருவிகள் இரண்டு எழுத்தில் பதில் சொல்லும். தொலைபேசி ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்தப் பதில் மட்டும் கேட்கும். கேள்வி கேட்காது.

இனிக் கையை எடுங்கள். இரண்டு அடிக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்து, நிதானமாக ஆதி தாளம் போடுங்கள். முதல் 4 ஆவர்த்தனம் (எட்டு எண்ணிக்கை ஒரு ஆவர்த்தனம்) 2 கட்டையில் போகும். அடுத்த 2 ஆவர்த்தனம் எல்லாரும் சேர்ந்து 2½ கட்டைக்கு ஏறிவிடுவார்கள், அதே கரகரப்பிரியாவோடு. கடைசி 2 ஆவர்த்தனம் மறுபடி 2 கட்டை. மொத்தம் 8 ஆவர்த்தனம், கிட்டத்தட்ட 56 விநாடி. இதுதான் ஒரு சுற்று. பாட்டு முடியும்வரை இந்தச் சுற்று மாறாது. தனி வாசிப்பவர்கள் மாறுவார்கள்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது முதலில் தடுக்குப்படுவது இங்கேதான். நமக்கு ஷட்ஜம் அசையாது. கச்சேரி முழுக்கத் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும். இங்கே நடுவில் 2 ஆவர்த்தனத்துக்குத் தம்புராவையே அரைக் கட்டை ஏற்றிவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். அந்த ஏற்றத்தைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால், தனி வாசிப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று எப்போதும் தெரியும். கல்பனாஸ்வரம் பாடுபவர் எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்கும் இடத்துக்கு, வந்து சேருகிறாரா என்று கவனிப்பது போலவே இதையும் கவனிக்கலாம்.

1 நிமிடம் 30 விநாடி அளவில் ஜிம்மி கொப் சிம்பலில் ஒரு அடி போடுவார். அந்த அடியின் அதிர்வு அடங்குமுன் மைல்ஸ் தொடங்குவார். அவருக்கு இரண்டு சுற்று. கார்வைகளைக் கேளுங்கள், ஒரு சொற்கட்டு சொல்லிவிட்டு அடுத்ததற்கு முன் எவ்வளவு இடம் விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த இரண்டு சுற்று கொல்ட்ரேன். இடமே விடமாட்டார், ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போவார். அதற்கடுத்த இரண்டு சுற்று கனன்போல், புளூஸின் குழைவோடு. கடைசியில் பில் எவன்ஸுக்கு ஒரே சுற்று. ஸ்டீரியோவில் கொல்ட்ரேன் இடப் பக்கம், கனன்போல் வலப் பக்கம். யார் யாரென்று குழப்பமிருந்தால் ஹெட்ஃபோனில் ஒரு காதைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

பதிப்பு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மார்ச் 2 பதிவில் பயன்பட்ட டேப் இயந்திரங்களில் ஒன்று சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டபோது சுருதி ஏறிவிட்டது. அதனால் பல வருடம் வெளிவந்த தட்டுகளில் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் சற்றே உயர்ந்த சுருதியில் இருக்கும். 1990களில்தான், சரியாக ஓடிய மற்ற டேப்பிலிருந்து திருத்தி வெளியிட்டார்கள். சோதிப்பது எளிது: சுருதிப் பெட்டிச் செயலியை 2 கட்டையில் வைத்து 'ஸோ வொட்' போடுங்கள். திருத்திய பிரதி அதோடு ஒட்டும். பழைய பிரதி மேலே விலகி நின்று காதை உறுத்தும். கூட வாசித்துப் பழகுபவர்களுக்கு இது முக்கியம். வயலினைச் சுருதி சேர்த்துச் சேர்த்தே பொழுது போய்விடும்.

மறுவெளியீடுகளில் கடைசிப் பாட்டான 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' இரண்டாவது தரமும் வரும், மாற்றுப் பதிவாக. முதல்தரம் கேட்பவர் ஐந்து பாட்டோடு நிறுத்துங்கள். ஏறத்தாழ 46 நிமிடம். அந்தக் கடைசிப் பாட்டில் ஐந்து ஸ்வர வரிசைகள் அடுத்தடுத்து வரும்; ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவரின் விருப்பம். நான்காவது வந்ததும் தோடிக்கும் வகுளாபரணத்துக்கும் பக்கத்தில் வந்துவிட்டதாகக் காது சொல்லும்.

அதே 1959இல் அதே நிறுவனத்தில் பதிவானது டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் 'டைம் அவுட்'. இது கணக்குக்காரர்களின் அல்பம். முதல் பாட்டு 'புளூ ரோண்டோ அ லா டர்க்'. எண்ணிக்கை 9, ஆனால் பிரிப்பு தக தக தக தகிட. இப்படி மூன்று தரம் வந்து, நான்காவது தரம் தகிட தகிட தகிட என்று மாறும். இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் புரூபெக் கேட்டு வந்த நடை இது. 1958இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அனுப்பிய நீண்ட சுற்றில் அவருடைய குழு துருக்கி, இந்தியா, பாகிஸ்தான் என்று போனது. இலங்கையும் அந்தப் பாதையில் இருந்தது.

'டேக் ஃபைவ்' எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் புரூபெக் என்று நினைப்பவர்கள் பலர். எழுதியது சாக்ஸபோன் வாசித்த போல் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கை என்றதும் நம்மவர்கள் கண்ட சாபு போட்டு, பொருந்தாமல் திணறுவதுண்டு. காரணம் இதுதான்: கண்ட சாபு தக தகிட, 2+3. 'டேக் ஃபைவ்' தகிட தக, 3+2. பியானோவின் முதல் அடியில் தகிட என்று தொடங்குங்கள். இல்லையென்றால் நான்காவது எண்ணிக்கையில் எடுத்துக் கண்ட சாபாகவே போடுங்கள். எடுப்பை மாற்றிப் போடப் பழகியவர்களுக்கு அது இன்னும் சுகம்.

இரண்டாவது நிமிடத்தை ஒட்டி ஜோ மொரெலோவின் ட்ரம்ஸ் தனி ஆரம்பிக்கும். நம் தனி ஆவர்த்தனத்தில் பாடகர் கையால் தாளம் காட்டுவார். இங்கே புரூபெக் பியானோவில் அந்த ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தாளம் காட்டுகிறார். அவரைப் பிடித்துக்கொண்டால் மொரெலோ எவ்வளவு தள்ளிப் போனாலும் வழி தவறாது. பிளேலிஸ்டுகளில் சில சமயம் மூன்று நிமிடத்துக்குட்பட்ட சிங்கிள் பிரதி இருக்கும், தனியை வெட்டியது. 5 நிமிடம் 24 விநாடி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இதே அல்பத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று 'த்ரீ டு கெட் ரெடி'. தகிட தகிட தகதிமி தகதிமி, மொத்தம் 14. கூட்டினால் மிச்ர சாபு இரண்டு ஆவர்த்தனத்தின் அளவு. வீட்டில் மிருதங்கம் படிக்கும் பிள்ளை இருந்தால் முதலில் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

டியூக் எலிங்டனின் 'தி ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' இந்தப் பட்டியலில் இருப்பதற்கு ஊர்ப் பாசமும் ஒரு காரணம். 1963இல் எலிங்டன் இசைக்குழு டமஸ்கஸில் தொடங்கி காபூல், டெல்லி, மெட்ராஸ், கல்கத்தா என்று வந்து கொழும்பிலும் கண்டியிலும் வாசித்தது. நவம்பர் 22 கெனடி கொலையானதும் மிச்சப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயணத்தின் மனப்பதிவுகளைக் கொண்டு எலிங்டனும் பில்லி ஸ்டிரேஹோர்னும் எழுதியவற்றை 1966 டிசம்பரில் பதிவு செய்து 1967இல் வெளியிட்டார்கள். கொழும்பின் பெயரில் பாட்டு இல்லை. டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் இருக்கிறது. 'புளூபேர்ட் ஒஃப் டெல்லி'யில் ஜிம்மி ஹமில்டனின் கிளாரினெட், ஸ்டிரேஹோர்ன் டெல்லியில் தங்கிய அறையருகே பாடிய மைனாவைப் பிடிக்கிறது. எட்டிப் பார்த்துப் பாடி ஓடும் குருவியின் குணம் அதில் அப்படியே இருக்கிறது.

'இஸ்ஃபஹான்' இந்தத் தட்டின் உயிர். நான்கு நிமிடம், ஜோனி ஹொட்ஜஸின் அல்ட்டோ சாக்ஸபோன். பயணத்துக்கு முன்பே ஸ்டிரேஹோர்ன் வேறு பெயரில் எழுதிய மெட்டு. ஈரான் நகரத்தின் பெயர் பிறகு வைத்தது. ஹொட்ஜஸ் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதைக் கேளுங்கள். அமெரிக்க இசையில் நம்முடைய ஜாருவுக்கு இவ்வளவு கிட்ட வருபவர்கள் மிகச் சிலர். ஸ்வரத்தைத் தொட்டதும் நிறுத்தாமல், தொடுவதற்கு முன்னமே கீழிருந்து ஏறத் தொடங்குகிறார். எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தார் என்று சொல்லவே முடியாது. ஸ்டிரேஹோர்ன் 1967 மே மாதம் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இந்த நான்கு நிமிடம் கனக்கும்.

இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் சில விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எலிங்டனின் பழைய தட்டுகளைத் தேடி வாங்குபவர்கள் கூடவே பழைய பிளேயரும் வாங்குகிறார்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பாவித்த பிளேயர் என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வோல்ட்டேஜ். ஜப்பான் 100, அமெரிக்கா 120, நம்மூர் 230. நேரே செருகினால் மோட்டர் போய்விடும், ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். மற்றது, பலர் மறப்பது: மின்சாரத்தின் அதிர்வெண். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்சார அதிர்வெண்ணை நம்பி ஓடும் பழைய ஏசி மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டை இறங்கும். 2 கட்டைப் பாட்டு கீழ் ஸ்தாயி 7 கட்டையில் கேட்கும். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி மாட்ட வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டிரெக்ட் டிரைவ் பிளேயரில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பூஞ்சணம். கொழும்பின் ஈரத்தில் பழைய கடதாசி உறைகள் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். உள்ளுறையை எறிந்துவிட்டுப் பொலித்தீன் உள்ளுறை போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், அது காலப்போக்கில் தட்டோடு வினைபட்டு மங்கல் படியவைக்கும். கழுவுவதற்கு: காய்ச்சி வடித்த நீர் 1 லீற்றர், ஐசோபுரொப்பைல் அற்ககோல் 100 மில்லிலீற்றர், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. நடுவிலுள்ள லேபல் நனையக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை அலசி, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீரால் அலசினால் அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் நின்று பொரிபொரியென்று சத்தம் தரும். ஒன்று மிக முக்கியம்: 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டுகளில் அற்ககோல் படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

ஏசி அறையில் குளிர்ந்திருந்த தட்டைச் சூடான கூடத்துக்குக் கொண்டுவந்ததும் உறையிலிருந்து எடுக்காதீர்கள். மேலே பனி படியும். சிறிது நேரம் உறையோடு விட்டுப் பிறகு எடுங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் கேபிள் முனைகளையும் கவனிக்க வேண்டும்; உப்புக் காற்றில் அவை கறுத்து ஒரு பக்கச் சத்தம் போய்விடும். கழற்றி, அதே அற்ககோலால் துடைத்து, மறுபடி செருகினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

சரி, கொல்ட்ரேனுக்கு வருவோம். 'அ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9, நியூ ஜேர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. மக்கோய் டைனர் பியானோ, ஜிம்மி கரிசன் பேஸ், எல்வின் ஜோன்ஸ் ட்ரம்ஸ். நான்கு பகுதி, 33 நிமிடம். இதைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது.

முதற்பகுதியில் பேஸ் எடுக்கும் நான்கு ஸ்வரத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஐந்தாவது நிமிடத்தை ஒட்டிக் கொல்ட்ரேன் அந்தத் துண்டை ஒவ்வொரு கட்டையாக மாற்றி மாற்றிச் சொல்லுவார். பன்னிரண்டு ஸ்தானத்திலும் வைத்துக் காட்டிவிடுவார். அடியில் பேஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். ஷட்ஜத்தை இடம் மாற்றிப் பாடும் சுருதி பேதம் கேட்டுப் பழகிய காதுக்குக்கூட இது முதலில் தலைசுற்றும். அதற்குப் பிறகு சாக்ஸபோனை வைத்துவிட்டு அல்பத்தின் பெயரையே குரலால் உருப்போடுகிறார்கள். அந்த உருவின் நடுவே, 4 கட்டையில் இருந்தது 2½ கட்டைக்கு இறங்கும். இரண்டாவது பகுதி அந்த 2½ கட்டையிலேயே தொடங்கும். இணைப்பு அவ்வளவு நுணுக்கம். ஷஃபிளில் கேட்பவருக்கு இது கிடைக்காது.

நான்காவது பகுதி 'சாம்' (Psalm, துதிப்பாடல்). நம்மவர்கள் இதைப் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் தேவையில்லை. இது விருத்தம். தாளம் கிடையாது. கொல்ட்ரேன் கடவுளுக்கு எழுதிய கவிதை ஒன்று தட்டின் உறைக்குள் அச்சாகியிருக்கிறது. அதை வாயால் பாடாமல், அசை அசையாகச் சாக்ஸபோனால் படிக்கிறார். எல்வின் ஜோன்ஸ் டிம்பனியை உருட்டி அடியில் நிற்கிறார். கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே படித்துப் பாருங்கள். ஓரிரு வரி தவறினாலும் கவலையில்லை. நன்றி சொல்லும் வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தரமும் சாக்ஸபோன் இறங்கி ஷட்ஜத்தில் வந்து அமரும். அந்த இறக்கத்தை அடையாளம் வைத்தால் எந்த வரியில் நிற்கிறோம் என்று மறுபடி பிடித்துவிடலாம். விருத்தத்தில் பாடகர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் முருகா என்று வந்து நிற்கும் இடம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

2002இல் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்பில் 1965இன் அன்டிப் கச்சேரியும் இருக்கிறது. 2021இல் சியாட்டில் கச்சேரி வெளிவந்தது, 75 நிமிடம். இரண்டும் அருமை. ஆனால் ஸ்டூடியோப் பதிவு மனப்பாடமாகும்வரை அவற்றைத் தொட வேண்டாம். எது மாறியது என்று தெரியாவிட்டால் மாற்றத்தின் சுவை தெரியாது.

கொல்ட்ரேன் 1967இல் காலமானார். அவர் மனைவி அலிஸ் கொல்ட்ரேனின் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' 1971இல் வந்தது. பெயரிலுள்ள சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூருக்கு அருகே பிறந்த தமிழர். 1950களில் சிவானந்தரின் சீடராக இலங்கைக்கு வந்து திருகோணமலையிலும் கண்டியிலும் பணி செய்தவர். 1969 வூட்ஸ்டொக் விழாவைத் தொடக்கி வைத்தவரும் அவர்தான். அல்பத்தில் 'ஸ்டொப்ஓவர் பொம்பே' என்றொரு பாட்டு. அப்போது அலிஸ் போகவிருந்த இந்திய, இலங்கைப் பயணத்தைக் குறிக்கிறது.

தலைப்புப் பாட்டில் முதலில் வருவது தம்புராவும் பேஸும். சிசில் மக்பீ பேஸில் ஒரே சொற்கட்டை விடாமல் வாசிக்க, மேலே ஹார்ப் அலையாகக் கொட்டும். பிறகு ஃபேரோ சாண்டர்ஸின் சொப்பிரானோ சாக்ஸபோன் நுழையும். ஜாஸ் தட்டுகளில் தம்புரா பல இடத்தில் அலங்காரத்துக்குத்தான் வரும். இங்கே அது அத்திவாரம். 'ஸோ வொட்'டில் அசைந்த ஷட்ஜம் இந்தப் பாட்டில் அசையவே இல்லை. அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு வழியும் தெளிவாகும். ராத்திரியில், சத்தத்தைக் குறைத்து, சீலிங் ஃபானையும் முடிந்தால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய தட்டு. ஃபானின் இரைச்சல் தம்புராவின் மேல் ஸ்வரங்களைத் தின்றுவிடும். கடைசிப் பாட்டு மட்டும் மேடைப் பதிவு, பேஸில் சார்லி ஹேடன், கூடவே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம். ஒலி மாறுவது அதனால்தான்; உங்கள் கருவியில் பிழையில்லை.

'சக்தி வித் ஜோன் மக்லாஃப்லின்' ஜாஸா இல்லையா என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. 1975 ஜூலையில் நியூயோர்க் லோங் ஐலண்டில் மேடையில் பதிவாகி அடுத்த வருடம் வந்தது. வயலினில் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன், தபேலாவில் சாகிர் ஹுசைன். மக்லாஃப்லினின் கிற்றாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். தந்தியை அழுத்தி இழுக்க இடம் கிடைத்தது, கமகம் வந்தது. குறுக்கே, மற்றத் தந்திகளோடு தாமாகவே அதிரும் ஏழு தந்திகள் வேறு. முதல் பாட்டு 'ஜோய்' 18 நிமிடம். அதைக் கேட்கும்போது வயலினையும் கிற்றாரையும் விட்டுவிட்டு ஒருதரம் கடத்தை மட்டும் பின்தொடருங்கள். அந்தக் கேள்வி பதில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கடம் அதை முன்கூட்டியே அறிந்தது போல இருக்கும். சங்கரின் வயலினை நிதானமாகக் கேட்க விரும்புபவர்கள், யான் கார்பரெக்குடன் அவர் ஈசிஎம் நிறுவனத்துக்குச் செய்த 'விஷன்' எடுங்கள். பத்துத் தந்தி இரட்டை வயலின். டபிள் பேஸின் ஆழம்வரை இறங்கும்.

ருத்ரேஷ் மகாந்தப்பாவின் 'கின்ஸ்மென்', 2008. இரண்டு அல்ட்டோ சாக்ஸபோன், ஒன்று அவர், மற்றது சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத். வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி, கிற்றார் ரெஸ் அபாசி. ஒரே கருவி, இரண்டு வளர்ப்பு. கோபால்நாத்தின் ஸ்வரம் எப்போதும் அசையும். ருத்ரேஷின் ஸ்வரம் கூராக வந்து குத்தி நிற்கும். பாட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஆலாபனைகள் தனித்தனிப் பாட்டாக இருக்கின்றன. அவற்றைத் தாவிப் போகாதீர்கள். அடுத்த பாட்டின் ஸ்வரங்களைக் காதுக்குள் வைத்துவிட்டுப் போவது அவைதான்.

கடைசியாக விஜய் ஐயர் ட்ரியோவின் 'ஹிஸ்டோரிசிட்டி', 2009. நியூயோர்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக்காரர். பேஸ் ஸ்டீபன் கிரம்ப், ட்ரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். கில்மோர், பெயர்பெற்ற ஜாஸ் ட்ரம்ஸ்காரர் ரோய் ஹேன்ஸின் பேரன். இதில் 'கலாங்' என்று மூன்று நிமிடத்துக்குட்பட்ட ஒன்று இருக்கிறது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் வந்த எம்.ஐ.ஏ.வின் பாட்டு. மெஷினில் செய்த தாளத்தை மூன்று மரக்கருவிக்காரர்கள் கையால் செய்கிறார்கள். பியானோவின் இடக்கை எங்கே முடிந்து பேஸ் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பாருங்கள், முதல்தரம் முடியாது. பேஸை மட்டும் ஒருதரம், இடக்கையை மட்டும் ஒருதரம், ட்ரம்ஸின் சின்ன சிம்பலை மட்டும் ஒருதரம் என்று மூன்று தரம் போடுங்கள். பாட்டு சிறியது, மூன்று தரமும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு தலைப்புப் பாட்டுக்குப் போனால், அங்கே எண்ணிக்கை எப்படி வளைகிறது என்று கை தானே கண்டுபிடிக்கும்.